24-ஆம் தேதி மதியம் 2 மணிக்குக் கடை கட்டிவிடுவார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ஐரோப்பிய கிறிஸ்துமஸ் பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணைப் பறித்தன. ஆனால் 24-ஆம் தேதி மாலை போய் இறங்கினால் கொண்டாட்டத்தின் உச்சத்தைப் பார்க்கலாம் என்று அதில் ஒரு வரி இருந்தது. அதை நம்பி யாராவது டிக்கெட் எடுத்துவிடக் கூடாதே என்றுதான் இந்தக் கடிதம். ஜெர்மனியைப் பொறுத்தவரை அந்த வரி தலைகீழ். சென்ற ஆண்டு அந்த 24-ஆம் தேதியை நியூரம்பர்க் நகரத்தில் நேரில் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

நான் போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய்க் கடையில் 34 வருடம் கணக்கு எழுதியவன். வெளிநாடு என்றால் அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் வளைகுடாவுக்குப் போகும் சரக்குப் பெட்டிகளின் மேல் ஒட்டுகிற சீட்டு மட்டும்தான். மகளும் மாப்பிள்ளையும் நியூரம்பர்க்கில் இருக்கிறார்கள். பேரனுக்கு ஆறு வயது. "வெயில் காலத்துல எல்லாரும்தான் வர்றாங்க, நீங்க கிறிஸ்துமஸ் சீசனுக்கு வாங்கப்பா" என்று மகள் சொன்னாள். நானும் என் மனைவியும் நவம்பர் கடைசி வாரம் போய் இறங்கினோம். டிசம்பர் 25-க்கு ஒரு மாதம் முன்னாடியே எதற்கு வரச் சொல்கிறாள் என்று அப்போது புரியவில்லை.

போன பிறகு புரிந்தது. அங்கே ஆட்டம்பாட்டம் எல்லாம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில்தான். அட்வென்ட் என்கிறார்கள். வீட்டுக்கு வீடு ஊசியிலைத் தழையில் ஒரு வளையம் கட்டி, அதில் நான்கு மெழுகுவத்தி செருகி, ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றிக்கொண்டே வருகிறார்கள். பிள்ளைகளுக்கு 24 சின்னக் கதவு வைத்த அட்டை ஒன்று. டிசம்பர் 1 முதல் தினம் ஒரு கதவைத் திறந்து உள்ளே இருக்கிற மிட்டாயை எடுக்கலாம். நம் நவராத்திரி மாதிரி நாள் எண்ணி நடக்கிற சங்கதி. விஜயதசமிக்கு மறுநாள் வந்து 'கொலு எங்கே' என்று கேட்டால் என்ன செய்வோம்? கொலுப்படியைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருப்போம். அதே கதைதான்.

நியூரம்பர்க் சந்தைக்கு கிறிஸ்ட்கிண்ட்லஸ்மார்க்ட் என்று பெயர், குழந்தை இயேசுவின் சந்தை. முதல் அட்வென்ட் ஞாயிறுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை 5.30-க்குத் திறக்கிறார்கள். ஊர் நடுவில் ஹாப்ட்மார்க்ட் என்ற பெரிய சதுக்கம். அதன் ஒரு பக்கத்தில் இருக்கும் மாதா கோயிலின் மாடத்தில், பொன் கிரீடமும் சுருள் சுருளான மஞ்சள் முடியும் வைத்த ஒரு பெண் வந்து நின்று, செய்யுள் நடையில் வரவேற்பு சொல்கிறாள். அவள்தான் கிறிஸ்ட்கிண்ட். எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாரும் ஆறடி. தொப்பிகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மாப்பிள்ளையின் தோளில் உட்கார்ந்திருந்த பேரன்தான் "தாத்தா, இப்போ கையைத் தூக்குது, இப்போ குனியுது" என்று நேர்முக வர்ணனை செய்தான்.

இந்த கிறிஸ்ட்கிண்ட் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 16 முதல் 19 வயதுக்குள் இருக்கும் உள்ளூர்ப் பெண் ஒருத்தியை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை தேர்ந்தெடுக்கிறார்கள். 2019-இல் தேர்வான பெனிக்னா மூன்சி என்ற பெண்ணின் அப்பா இந்திய வம்சாவளி. அப்போது ஒரு கட்சியின் வட்டாரக் கிளை அந்தப் பெண்ணின் நிறத்தைக் குத்திக் காட்டிச் சமூக ஊடகத்தில் எழுதப்போக, ஊரே அவள் பக்கம் நின்றது. எழுதியவர்கள் பதிவை எடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை இதைச் சொன்னதும் என் மனைவி கேட்ட ஒரே கேள்வி: "அந்தப் பிள்ளைக்கும் மஞ்ச முடிதான் வெச்சாங்களா?" ஆமாம், வைத்தார்கள். பதவிக்கு உண்டான சவுரி அது.

சந்தையில் சுமார் 180 கடைகள். எல்லாம் மரச்சட்டம், மேலே சிவப்பும் வெள்ளையும் பட்டை போட்ட துணி. பிளாஸ்டிக் தோரணம் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. ஒரு திருவிழாச் சந்தையைக் குழாய் ரேடியோ இல்லாமல் நடத்த முடியும் என்று இந்த வயதில்தான் பார்த்தேன். பாட்டு வேண்டுமென்றால் மேடையில் யாராவது நேரில் பாடுவார்கள், இல்லை ஊதுவார்கள். உலர்ந்த பிளம்ஸ் பழத்தைக் கம்பியில் கோத்துக் கையும் காலுமாக்கி, சட்டை போட்டு, மனிதப் பொம்மை செய்து விற்கிறார்கள். முகம் மட்டும் அக்ரூட் கொட்டை. என் மனைவி ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு "எறும்பு வராதா?" என்றாள். அந்தக் குளிரில் எறும்புக்கு எங்கே போவது.

சந்தை எவ்வளவு பழையது என்பதற்கு அந்த ஊர் ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு சின்ன மரப்பெட்டி இருக்கிறது. பூ வரைந்த பெட்டி. 1628-இல் இந்தச் சந்தையையொட்டி அனுப்பிய பரிசு என்று அதில் எழுதியிருக்கிறது. கணக்குப்பிள்ளை புத்தி, சரக்கைவிட சீட்டைத்தான் முதலில் பார்க்கும். எனக்கு அந்த அருங்காட்சியகத்தில் பிடித்ததே அந்தக் கையெழுத்துதான்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். இரண்டாம் வாரம் ஒரு லேப்கூகன் கடை முன்னால் நின்றேன். லேப்கூகன் என்பது தேன், பருப்பு, மசாலா சேர்த்துச் சுடுகிற வட்டமான பணியாரம். அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய தாள் மாதிரியான அப்பளம், கோயிலில் நற்கருணைக்குக் கொடுக்கிறார்களே, அதே வகை. அதில் எலிசன் என்பது உசத்தி ரகம். குறைந்தது 25 சதவீதம் பருப்பு இருக்க வேண்டும், மாவு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதியே இருக்கிறது. அந்தக் காலத்தில் சுற்றிலும் இருந்த அரசுக் காட்டில் தேன் கிடைத்தது. வெனிஸ் வழியாக மலையாளக் கரையிலிருந்து மிளகும் மற்ற மசாலாவும் வந்தன. இந்த வியாபாரத்தில் கொழுத்தவர்களுக்கு ஊரார் வைத்த பட்டப்பெயர் 'மிளகு மூட்டை'. பணக்காரனை ஜெர்மன்காரர்கள் இன்றைக்கும் அப்படிக் கிண்டல் செய்வதுண்டாம்.

கடைக்கார அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். நான் பணியாரத்தைக் கையில் வைத்து முகர்ந்துகொண்டே நிற்பதைப் பார்த்து என்ன என்று கேட்டார். பட்டை, கிராம்பு, கொத்தமல்லி, சோம்பு, ஜாதி என்று நான் வரிசையாகச் சொல்லச் சொல்ல மகள் மொழிபெயர்த்தாள். கடைசியாக "ஏலக்காய், ஆனால் தோலோடு அரைத்தது" என்றேன். அந்த அம்மாள் சிரித்துவிட்டார். உள்ளே போய்ப் பார்வைக்கு வைத்திருந்த ஒரு கண்ணாடிச் சீசாவைக் கொண்டுவந்து மூடியைத் திறந்து நீட்டினார். முழு ஏலக்காய். ஒன்றை எடுத்து விரலால் உருட்டினேன். பருமன் ஆறரை எம்.எம். இருக்கும், ஏழு தேறாது. நிறம் கொஞ்சம் மங்கல். "எந்த ஊர்க் காய்?" என்று கேட்கச் சொன்னேன். "குவாத்தமாலா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. 34 வருடம் அந்தப் பெயரை எதிரி பெயராகவே கேட்டு வந்தவன். இந்தியாவிலிருந்து செடியைக் கொண்டுபோய் அங்கே நட்டவரே ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர்தான் என்று எங்கள் வியாபாரத்தில் சொல்வார்கள். அது முதல் உலகப் போர் சமயம். இன்றைக்கு உலகத்துக்கு அதிகமாக ஏலக்காய் ஏற்றுமதி செய்வது அந்த நாடு. அவர்கள் ஊரில் ஏலக்காயைச் சாப்பிடுவதே அபூர்வம், விளைவதெல்லாம் வெளியே போகும். நம் ஊரில் பாயசத்துக்கும் டீக்கும் நாமே பெரும்பகுதியைத் தீர்த்துவிடுகிறோம், அப்புறம் எங்கே விலையில் போட்டி போடுவது? இதையெல்லாம் அந்த அம்மாளிடம் சொல்லவில்லை. சட்டைப்பையில் எப்போதும் நாலு காய் போட்டு வைப்பேன், வாய்க்குப் போட. எட்டு எம்.எம்., பச்சை மாறாதது. இரண்டைக் கொடுத்தேன். நகத்தால் கீறி முகர்ந்து பார்த்துவிட்டு, பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கு ஒரு எலிசன் இலவசம். கல்லாவில் எழுதாமல் கொடுத்தது எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது.

டிசம்பர் 5 இரவு, பேரன் தன் பூட்ஸைத் துடைத்து வாசலில் வைத்தான். விடிந்தால் 6-ஆம் தேதி, புனித நிக்கோலாஸ் வந்து அதில் கொட்டையும் ஆரஞ்சும் போட்டுவிட்டுப் போவாராம். "செருப்புல போய் யாராச்சும் திங்கிற சாமானை வெப்பாங்களா?" என்று என் மனைவி புலம்பிக்கொண்டே, தன் பங்குக்கு ஒரு கடலை மிட்டாய்ப் பொட்டலத்தையும் திணித்தாள். பையன் தூங்கியதும் மகள் சொன்னாள், 1349-இல் இதே டிசம்பர் 5 அன்றுதான் அந்த ஹாப்ட்மார்க்ட் இருக்கும் இடத்தில் குடியிருந்த யூதர்களைக் கொன்றார்கள் என்று. குறைந்தது 562 பேர். வீடுகளை இடித்து அங்கே சந்தைத் திடல் போட்டார்கள். அவர்களுடைய வழிபாட்டுக் கூடம் இருந்த இடத்தில் எழுந்ததுதான் அந்த மாதா கோயில். அதன் முகப்பில் 1509-இல் வைத்த கடிகாரம் ஒன்று இருக்கிறது. தினம் மதியம் 12 மணிக்கு ஏழு பொம்மைகள் வெளியே வந்து பேரரசர் நான்காம் கார்லைச் சுற்றி மூன்று முறை வலம் வரும். அந்த நிலத்தை அப்படி எடுத்துக்கொள்ள அனுமதி கொடுத்தவரும் இதே கார்ல்தான். மறுநாள் அந்தப் பொம்மைகளைப் பார்க்க நின்றபோது எனக்கு முந்தின நாள் மாதிரி கைதட்ட வரவில்லை. பேரன் தட்டினான்.

பழமை என்று நாம் பார்ப்பதில் பாதி திரும்பக் கட்டியதுதான் என்பதும் தெரிந்திருக்கட்டும். 1945 ஜனவரி 2 இரவு விழுந்த குண்டுகளில் பழைய நகரம் ஏறக்குறைய தரைமட்டம். போருக்குப் பிறகு சந்தை மறுபடி நடந்தது 1948-இல்தான். அழகு நீரூற்று என்று 19 மீட்டர் உயரத்தில் ஒரு கோபுரம் சதுக்கத்தில் நிற்கிறது. போரின்போது அதைச் சுற்றிக் கான்கிரீட்டில் கூடு கட்டிக் காப்பாற்றியிருக்கிறார்கள். அதன் கம்பி வேலியில் ஒரு மஞ்சள் வளையம் இருக்கிறது. அதைக் கையால் மூன்று முறை சுழற்றினால் நினைத்தது நடக்குமாம். வெளியூர்க்காரர்கள் எல்லாரும் வரிசையில் நின்று அதைச் சுற்றுகிறார்கள். உள்ளூர்க்காரர்கள் கேட்டால், 'அது சும்மா, நிஜ வளையம் மறுபக்கம் இருக்கிற கருப்பு இரும்பு' என்பார்கள்.

சரி, 24-ஆம் தேதிக்கு வருகிறேன். காலையில் நானும் பேரனும் சந்தைக்குப் போனோம். பழரசப் பானம் குடித்த கோப்பைகள் வீட்டில் இரண்டு கிடந்தன. குடிக்கிற பானத்தோடு கோப்பைக்கும் முன்பணம் வாங்கிக்கொள்வார்கள், திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்ப வரும். வருடத்துக்கு ஒரு படம் போட்ட கோப்பை என்பதால் பலர் கொடுக்காமல் வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு வரவேண்டிய பாக்கியை விட மனம் வருமா? மதியம் ஒரு மணிக்கே கடைகளில் பொம்மைகளை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். 2 மணிக்குச் சந்தை முடிந்தது. அதே 2 மணிக்கு ஊரில் மற்ற கடைகளும் சாத்தின. சட்டம் அப்படி. 25-உம் 26-உம் அரசு விடுமுறை. அன்று மாலை அவரவர் வீட்டில் மரத்தடியில் பரிசுப் பெட்டியைப் பிரிக்கிறார்கள். தெருவில் ஈ காக்கை இல்லை.

வீட்டில் பால் தீர்ந்துவிட்டதால், பேரனைக் கொண்டுபோய் விட்டுவிட்டு ரயில் நிலையத்துக் கடைக்குத் திரும்பி வந்தேன். அது மட்டும் ஐந்து மணி வரை திறந்திருக்கும் என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார். பாலை வாங்கிக்கொண்டு, கடைசியாக ஒரு தடவை பார்ப்போமே என்று சதுக்கம் வரை நடந்தேன். மணி நாலேகால், இருட்டத் தொடங்கிவிட்டது. ஒரு கடையின் துணிக்கூரையை இரண்டு ஆட்கள் உருவிக்கொண்டிருந்தார்கள். கற்கள் பாவிய தரையில் சக்கரப் பெட்டி கடகடவென்று வரும் சத்தம். பின்னாலேயே ஒரு குழந்தைக் குரல்: "அப்பா, எல்லாம் மூடிட்டாங்க."

திரும்பிப் பார்த்தேன். கணவன், மனைவி, எட்டு வயதுப் பெண் குழந்தை. "எந்த ஊருங்க?" என்றேன். அந்தத் தம்பி ஒரு நிமிடம் விழித்துவிட்டு, "திருப்பூருங்க" என்றார். காலையில் ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி ரயிலில் வந்திருக்கிறார்கள். பயண ஏற்பாடு செய்து கொடுத்தவர் 24 மாலை கிறிஸ்துமஸ் சந்தை, 25 முழுக்கக் கடைத்தெரு, 26 மாலை அடுத்த ஊர் என்று எழுதிக் கொடுத்திருந்த தாளைக் காட்டினார். "நாளைக்குத்தான் மெயின் திருவிழான்னு சொன்னாருங்க. வீட்டுப் பையன் மாதிரி பேசிப் பேசிப் பணத்தை வாங்கிட்டாருங்க" என்றார். விடுதியில் காலைச் சாப்பாடு மட்டும்தான். சைவம் வேறு. அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை, குழந்தையின் குல்லாயை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

வேறு என்ன செய்வது, வீட்டுக்குக் கூட்டிப் போனேன். மகள் கதவைத் திறந்து என் பின்னால் மூன்று பேரையும் பெட்டிகளையும் பார்த்து, "பாலுக்குத்தானே போனீங்க?" என்றாள். ரசம், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். அந்தத் தம்பி மூன்றாம் முறை ரசம் வாங்கிக் குடித்தார். இரவு பதினோரு மணி வாக்கில் ஊர்க் கோயில் மணிகள் எல்லாம் ஒன்றாக அடித்தன, அதைக் கேட்கச் சன்னலைத் திறந்து வைத்தோம். அந்த நாளில் ஊர் நமக்கென்று கொடுப்பது அந்த மணிச் சத்தம்தான். நடு இரவுப் பூசைக்கு யார் வேண்டுமானாலும் போகலாம், போனால் ஓரமாக உட்கார்ந்து கேட்டுவிட்டு வரலாம். மறுநாள் மூன்று பேரையும் நானே வெறும் சதுக்கத்துக்குக் கூட்டிப்போய் இரும்பு வளையத்தைச் சுற்ற வைத்தேன். காட்டுவதற்கு வேறு ஒன்றும் திறந்திருக்கவில்லை.

ஆகவே ஐயா, போக நினைக்கும் வாசகர்களுக்கு: டிசம்பர் முதல் இரண்டு வாரத்துக்குள் போங்கள். சனி, ஞாயிறு வேண்டாம், தோளோடு தோள் உரசித்தான் நகர முடியும். செவ்வாய், புதன் காலை நல்லது. பெரியவர்களின் சூடான பானம் திராட்சை மது, குழந்தைகளுக்கு மது இல்லாதது தனியாக உண்டு, பெயர் கிண்டர்புன்ஷ். விரல் நீளச் சுட்ட தொத்திறைச்சி மூன்றை ரொட்டிக்குள் வைத்து எல்லாரும் சாப்பிடுவார்கள்; அது பன்றி இறைச்சி, தெரியாமல் வாங்கிவிட வேண்டாம். நுழைவாயிலில் பெரிய கான்கிரீட் கட்டைகள் இருக்கும். 2016-இல் பெர்லினிலும் 2024-இல் மாக்டபர்க்கிலும் சந்தைக் கூட்டத்துக்குள் வண்டியை ஏற்றியதற்குப் பிறகு வந்த ஏற்பாடு அது, பயப்பட ஒன்றுமில்லை. விசாவுக்குப் பெரியவர்களுக்கு 90 யூரோ, அதோடு குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். இவ்வளவு செலவழித்துவிட்டு மூடிய கடையைப் பார்த்து நிற்க வேண்டுமா? அடுத்த ஞாயிறு இணைப்பில் அந்தத் தேதியைத் திருத்தி ஒரு வரி போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஏலக்காய்க் கடைக் கணக்கர்,
போடிநாயக்கனூர்.

பி.கு.: எலிசன் ஒரு டப்பா வாங்கி வந்து என் பழைய முதலாளியிடம் கொடுத்தேன். ஒரு வாய் கடித்து, கண்ணை மூடி, ரொம்ப நேரம் மென்றார். அப்புறம் "ஏலம் கம்மி" என்றார்.